மேட்ரன்களின் சங்கம்

அரசு மருத்துவமனையில் மேட்ரன் எதற்கெல்லாம் பொறுப்பு என்று கேட்டால் சொல்லி முடியாது. லேபர் வார்டில் நைட் டூட்டிக்கு வரவேண்டிய சிஸ்டர் வரவில்லையா, மேட்ரனைக் கேள். டோபி கணக்கில் இரண்டு டிரா ஷீட் குறைகிறதா, மேட்ரனைக் கேள். அமைச்சர் வரும் நாளில் வராந்தாவில் நோயாளி பாய் விரித்துப் படுத்திருக்கிறாரா, அதற்கும் மேட்ரன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பணியிடத்தைக் கூட்டவோ, ஒரு சிஸ்டரின் மாறுதலை நிறுத்தவோ, ஒரு கிழிந்த போர்வையைக் கணக்கிலிருந்து எடுக்கவோ அவர் கையெழுத்து மட்டும் போதாது. ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: பொறுப்பு முழுக்கத் தங்கள் தலையிலும் அதிகாரம் வேறொருவர் மேசையிலும் இருந்ததால்தான் மூத்த செவிலியர்கள் சங்கம் கூட்டினார்கள்.

1977-ல் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எங்கள் மேட்ரன் அம்மா ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்தத் தலைமுறை மேட்ரன்களில் பலர் அப்படித்தான். மருத்துவமனைக் குவார்ட்டர்ஸே வீடு, வார்டுதான் குடும்பம். அவர் அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கும். கீழ்த்தட்டில் சாவிக்கொத்துகளும் இருப்புப் பதிவேடுகளும். மேல்தட்டில் 'நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா' இதழ்களை வருடவாரியாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். 1910-லிருந்து வரும் இதழ் அது. இறுதியாண்டு மாணவிகளைச் சனிக்கிழமை மாலைகளில் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் படிக்கச் சொல்வார். எங்கள் ஆங்கிலத்தைத் திருத்துவதற்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். சங்கத்தின் கதையை அவர் எங்களுக்குச் சொன்னது அப்படித்தான்.

1905-ல் லக்னோவில் ஒன்பது பேர் கூடினார்கள். எல்லோரும் ஐரோப்பியப் பெண்கள், எல்லோரும் மருத்துவமனைகளில் செவிலியர் நிர்வாகத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் தொடங்கியது செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம். வார்டில் நிற்கும் சாதாரண நர்ஸுக்கு அதில் இடமில்லை. மூன்றே வருடத்தில் அது போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. 1908-ல் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கான சங்கம் தனியாக உருவானது. 1909-ல் பம்பாயில் மாநாடு கூடியது. இரண்டு சங்கத்துக்கும் ஒரே நிர்வாகிகள். 1912-ல் சர்வதேச செவிலியர் மன்றத்தில் இடம் கிடைத்தது. 1922-ல் இரண்டும் ஒன்றாகி இன்றைய இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம், நாங்கள் டி.என்.ஏ.ஐ. என்று சொல்வது, நிலைபெற்றது.

மேட்ரன்கள்தான் முதலில் கூடினார்கள் என்பது இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக் கண்காணிப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். இசபெல் ஹாம்ப்டன் அதில் முன்னின்றவர். அடுத்த வருடம் லண்டனில் மேட்ரன்கள் மன்றம் வந்தது. அதன் பின்னணியில் இருந்த எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக், 1887-லேயே பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கியவர். 1899-ல் சர்வதேச மன்றத்தையும் அவரே முன்னின்று அமைத்தார். காரணம் எளிது. அந்தக் காலத்து மேட்ரன் ஒரே நேரத்தில் நிர்வாகி, ஆசிரியை, தேர்வாளர் மூன்றும். ஒரு மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி, இன்னொன்றில் மூன்று வருடம். எல்லோர் கையிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. யாருடைய சான்றிதழை நம்பி யாரை வேலைக்கு எடுப்பது என்ற சிக்கல் முதலில் வந்து நின்றது மேட்ரனின் மேசையில்தான். அதனால் அவர்கள் கேட்ட முதல் காரியம் பதிவுச் சட்டம். இங்கிலாந்தில் அது 1919-ல் வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ல் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது.

பதிவு எண் என்பது இன்றைக்கு இளம் பிள்ளைகளுக்கு ஒரு சம்பிரதாயம். சாந்தோம் நெடுஞ்சாலையில் கவுன்சில் அலுவலக வரிசையில் நின்று வாங்கி, லேமினேட் செய்து வைத்துக்கொள்வார்கள். அந்த எண் இல்லாத காலத்தில், மூன்று வருடம் ராத்திரி பகலாகப் படித்தவளும் மூன்று மாதம் வார்டில் நின்று பழகியவளும் சம்பளப் பட்டியலில் ஒரே வரிசையில்தான் இருந்தார்கள். யாரை வெளியே அனுப்பினாலும் கேட்க நாதியில்லை.

பிறகு சங்கம் கிளைவிட்டது. சுகாதாரப் பார்வையாளர்களுக்கு, மருத்துவச்சிகளுக்கு, 1929-ல் மாணவிகளுக்கு என்று துணைச் சங்கங்கள் வந்தன. மிஷன் மருத்துவமனைகளுக்கு அவர்களுடைய செவிலியர் லீக் தனியாக இருந்தது. தென்னிந்தியாவில் அவர்களுக்குத் தனித் தேர்வு வாரியமும் உண்டு. மிஷன் சிஸ்டர்களும் அரசு சிஸ்டர்களும் ஒரே ஊரில் இருந்தும் பழகாமல் இருந்த காலம் அது. மாநாடுகளில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று மேட்ரன் அம்மா சொல்வார்.

1946-ல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தபோது இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்கள்தான் இருந்தார்கள்; அதாவது 43,000 பேருக்கு ஒருவர். அதே வருடம் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 டிசம்பர் 31-ல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அந்த மன்றத்தில் டி.என்.ஏ.ஐ. தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். ஒரு சங்கத்தின் பெயரைச் சட்டத்திலேயே எழுதி நாற்காலி போட்டது பெரிய காரியம். இதைப் படிக்கும்போதெல்லாம் மேட்ரன் அம்மா குரலை உயர்த்துவார்.

எனக்குச் சங்கம் உண்மையில் பழக்கமானது புத்தகத்தில் இல்லை, கிழிந்த துணியில். வார்டு சிஸ்டராக இருந்தவர்களுக்கு இது புரியும். அரசு மருத்துவமனையில் ஒரு பெட்ஷீட் கிழிந்தால் அதைத் தூக்கி எறிய முடியாது. கழிவு வாரியம் கூடி, பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் கணக்கிலிருந்து போகும். அதுவரை வார்டு சிஸ்டர் அந்தக் கந்தலைக் கட்டிவைத்துக் காப்பாற்ற வேண்டும். மருத்துவமனை முத்திரை குத்திய மூலை இருந்தால்தான் அது ஒரு ஷீட். மூலை போய்விட்டால் மீதித் துணி கையில் இருந்தாலும் கணக்கில் குறைவு. எலி கடித்த மூலைகளைத் தனியே வெட்டி, நூறு நூறாக நூலில் கோத்து வைத்த சிஸ்டர்களை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் அந்த வாரியம் பல வருடங்களாகக் கூடவேயில்லை. ஓய்வு பெறப்போகும் ஒரு சீனியர் சிஸ்டருக்கு, குறைந்த ஷீட்டுகளுக்கும் உடைந்த தெர்மாமீட்டர்களுக்கும் பணம் பிடித்த பிறகே நிலுவையில்லாச் சான்று தருவோம் என்று எழுதிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் துணியை எண்ணிய பெண், ஓய்வூதியக் கோப்பு நகராமல் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மாவட்டக் கிளை முதலில் எழுதிய மனுவில் தியாகம், சேவை, தாய்மை எல்லாம் இருந்தது. கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரிவு அலுவலர் ஒருவர், எங்கள் சிஸ்டர் ஒருவரின் சித்தப்பா, அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "அம்மா, இதைப் படித்தால் எனக்கே கண் கலங்குகிறது. ஆனால் கோப்பில் குறிப்பு எழுதுகிறவன் எதைப் பிடித்து எழுதுவான்? வாரியம் கடைசியாக எப்போது கூடியது, எத்தனை மருத்துவமனை, எவ்வளவு தொகை பிடித்தம், எந்த விதியின்படி பிடித்தார்கள், அதைக் கொடுங்கள்" என்றார். நாங்கள் திரும்பிப்போய் மாவட்டத்திலுள்ள மற்ற மேட்ரன்களுக்கு எழுதினோம். அவர்கள் பதிவேட்டைப் பார்த்து எண்களை அனுப்பினார்கள். இரண்டு பக்க மனு, ஐந்து பக்க அட்டவணை. இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை வாரியம் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிஸ்டரின் பணமும் வந்தது.

மூத்தவர்கள் சங்கத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. எண்கள் எங்கள் கையில் இருந்தன. எந்த வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை சிஸ்டர், யார் எத்தனை நைட் பார்த்தார்கள் என்பது மருத்துவருக்குத் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது. மேட்ரனின் நைட் ரிப்போர்ட் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். ஊர்வலம் போவதற்கு ஆள்பலம் வேண்டும். கோப்பு நகர்வதற்கு இந்தப் புத்தகம் வேண்டும்.

அதே சங்கத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஒரு மாவட்டக் கூட்டம். அதுவரை எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தலைவர் உரை ஆங்கிலம், தீர்மானம் ஆங்கிலம், மினிட்ஸ் ஆங்கிலம். தமிழில் படித்து வந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, பஸ் பிடிக்க எழுந்துபோவார்கள். அன்று ஒரு தாலுகா மருத்துவமனைப் பெண் எழுந்து, "மேடம், நான் தமிழில் பேசலாமா?" என்றாள். பேசினாள். ராத்திரி முழுவதும் அவள் ஒருத்தி. பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு, பிரசவ அறை மூன்றும் அவள் பொறுப்பு. ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த கட்டடத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். குழந்தையின் தொப்புள் கொடியைக் கட்டிவிட்டு ஓடிப்போவதற்குள் அவர் இறந்துவிட்டார். விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ.

முன்வரிசையில் இருந்த ஒருவர், இதெல்லாம் அந்தந்த மருத்துவமனையின் உள்விவகாரம், அஜெண்டாவில் இல்லை என்றார். தலைமை வகித்த கண்காணிப்பாளர், எனக்கு அக்கா முறையில் பழகியவர், அஜெண்டா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இன்றைக்கு இதுதான் அஜெண்டா" என்றார் தமிழில். இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல், போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். அதோடு ஒப்பிட்டுக் காட்ட அன்று சாயங்காலமே ஒரு படிவம் வரைந்தோம்: தேதி, வார்டு, படுக்கை, தரையில் படுத்திருப்பவர், டூட்டியில் இருக்கும் செவிலியர். தரையில் படுத்திருப்பவருக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று சொன்னது அந்தத் தாலுகாப் பெண்தான். மூத்தவர் யாருக்கும் அது தோன்றவில்லை. அனுமதித்த படுக்கை எண்ணிக்கையை வைத்து எழுதினால் கணக்கு ஓரளவு சரியாகத் தெரியும்; தரையைச் சேர்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குப்பின் எங்கள் கிளையின் மினிட்ஸ் தமிழில் எழுதப்பட்டது. உறுப்பினர் சேர்க்கை யாரும் கேட்காமலே கூடியது.

அந்தக் காலத்தில்தான் மத்திய அரசு செவிலியர்களுக்காக உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. 1987-ல் அமைத்த குழு, 1989-ல் அறிக்கை தந்தது. தலைவர் சரோஜினி வரதப்பன். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் என்பதைவிட, பெண்கள் அமைப்புகளில் ஆயுள் முழுக்க உழைத்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. செவிலியர் சேவையை நடத்தும் முடிவுகளைச் செவிலியரே எடுக்கும்படி இயக்குநரக மட்டத்தில் தனி அமைப்பு வேண்டும், செவிலியரை எழுத்தர் வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் இழுக்கக் கூடாது என்றது அந்த அறிக்கை. நாங்கள் வார்டில் புலம்பியதெல்லாம் அச்சில் வந்திருந்தது. அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மூத்தவர்கள் எத்தனை அமைச்சர்களைப் பார்த்தார்கள்! நான் ஓய்வு பெறும்வரை தமிழ்நாட்டில் செவிலியருக்கென்று தனி இயக்குநரகம் வரவில்லை. மருத்துவத்துக்கு உண்டு, மருத்துவக் கல்விக்கு உண்டு, பொது சுகாதாரத்துக்கு உண்டு. இந்த மூன்றிலும் எண்ணிக்கையில் பெரிய கூட்டங்களில் ஒன்றாக இருக்கும் செவிலியருக்கு இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

கண்காணிப்பாளர் பதவிக்கு வந்தபின் தெரிந்த இன்னொரு கஷ்டம் வேலைநிறுத்தம். ஸ்டாஃப் நர்ஸ்கள் வெளியே உட்கார்ந்தால், வராதவர்கள் பட்டியலைத் தயாரித்து அனுப்பச் சொல்லி முதல் உத்தரவு கண்காணிப்பாளருக்குத்தான் வரும். காலையில் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் அவர்களுக்காக மனு கொண்டுபோகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? பல ஊர்களில் மூத்தவர்கள் சங்கமும் இளையவர்கள் சங்கமும் பிரிந்தது இந்தப் பட்டியலில்தான். நான் பார்த்ததில் ஒருவர் மட்டும் இதைச் சரியாகக் கையாண்டார். போராட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரியே கண்காணிப்பாளர்களையும் ஹெட் நர்ஸ்களையும் கூப்பிட்டு ஐ.சி.யூ., லேபர் வார்டு, கேஷுவால்டி மூன்றுக்கும் டூட்டி போட்டார். தன் பெயரை முதல் நைட்டில் எழுதினார். ஐம்பத்தாறு வயதில் ராத்திரி முழுக்க நின்று ஊசி போட்டார், சக்ஷன் பார்த்தார். பட்டியல் கேட்டு வந்த அலுவலக ஊழியரிடம், "அவசரப் பிரிவு மூன்றிலும் டூட்டியில் இருப்பவர்கள் பட்டியல் இது. எந்த நோயாளிக்கும் குறை வரவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்" என்று கொடுத்தார். அவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கிளை சார்பில் நாங்கள்தான் பதில் தயாரித்தோம். அந்த மருத்துவமனையில் மட்டும் பிறகு இரண்டு சங்கமும் ஒரே அறையில் கூடின.

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். தேர்வு எழுதி வந்தவர்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போடும் நிரந்தர சிஸ்டர் வாங்கியது இதைப்போலப் பல மடங்கு. 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், பின்னர் ஊதியம் 14,000 ஆக உயர்ந்தது. நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் கூடிய இடத்தில், ஒப்பந்தப் பிள்ளைகளைச் சங்கத்தில் முழு உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பதிவு எண் இருக்கும் ஒவ்வொருத்தியும் உறுப்பினர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை. வேலை நிரந்தரமா இல்லையா என்பது அரசின் ஏற்பாடு. அதை வைத்துச் சங்கம் தன் கதவை அளக்கக் கூடாது.

தனியார் மருத்துவமனைப் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்காக டி.என்.ஏ.ஐ. 2011-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜனவரி 29-ல் தீர்ப்பு. அதன்படி அமைத்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் 2011-ல் தொடங்கிய செவிலியர் அமைப்பு ஒன்றில் மேட்ரன்களைப் பார்க்க முடியாது. எல்லோரும் இருபதுகளில் இருந்த பையன்களும் பெண்களும். வெளிநாட்டுக் கனவுக்கு வாங்கிய கல்விக்கடன் கழுத்தை நெரித்தவர்கள். அவர்கள் மருத்துவமனை வாசலில் மழையில் நின்றார்கள். 2018-ல் அந்த மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ஆக அறிவித்தது. நீதிமன்றத்தில் நின்றது நூறு வருடச் சங்கம், தெருவில் நின்றது நேற்றுப் பிறந்த சங்கம். ஒன்றில்லாமல் மற்றது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளின் செவிலியர் தலைவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கம் இருக்கிறது. தரச்சான்று, நோயாளி பாதுகாப்பு, தலைமைப் பயிற்சி என்று நல்ல வேலை செய்கிறார்கள். அவர்கள் மாநாட்டில் பேசக் கூப்பிட்டால் நான் போய்ச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஸ்டாஃப் நர்ஸின் சம்பளத்தையும் ராத்திரி டூட்டி எண்ணிக்கையையும் உங்கள் அஜெண்டாவில் முதல் வரியாக வையுங்கள். 1905-ல் கூடிய ஒன்பது பேர் மூன்றே வருடத்தில் கதவைத் திறந்தார்கள். அதைவிட அதிக காலம் எடுத்துக்கொள்ள இன்று காரணமில்லை.

2023-ல் தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. 1947 சட்டத்தின் இடத்தில் இது. தலைவரை ஒரு தேர்வுக் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு நியமிக்கும். தேர்தலில் ஜெயித்து மன்றத்துக்குப் போன பழைய பழக்கத்திலிருந்து இது பெரிய மாற்றம். யாரை அனுப்புவது என்று சங்கங்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தை, என்ன கேட்பது என்பதில் இனிமேல் செலவிட வேண்டும்.

போன மாதம் தென்மாவட்டத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர் போன் செய்தாள். என்னிடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். "அக்கா, அந்தக் காலத்தில் நீங்கள் நைட் சென்சஸ் எடுத்தீர்களே, அந்தப் படிவம் இருக்கிறதா?" என்றாள். படம் எடுத்து அனுப்பினேன். வென்டிலேட்டர் கட்டிலுக்குத் தனிப் பத்தி சேர்த்துக்கொள், அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் அளவு, அது எங்கள் படிவத்தில் இல்லை என்றேன். தரையில் படுத்திருப்பவர் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் புதுப் படிவம் வந்தது. அந்தப் பத்தி அப்படியே இருந்தது.